தலையைக் கழற்றித் தூண்மேல் வைத்தவள்

“இனிமே ஹெல்மெட் தலைய விட்டு இறங்காது. உன் தலைமேல சத்தியம்.”

பல்கூடத் தேய்க்காமல், சம்சாரத்தின் உச்சந்தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் கிராப்பு சொன்ன வார்த்தை இது. சத்தியம் பண்ணுகிற மனுஷன் பண்ணிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? சொல்லும்போதே அதில் ஒரு ஓட்டை தேடினார். ஓட்டை கிடைத்தும் விட்டது. சனி பிடித்தது அங்கேதான்.

கிராப்பு என்பது கூப்பிடு பெயர். வேலை, டோப்பா கடையில் விற்பனை. தலைமுடியோடு ஒரு காலத்தில் வாழ்ந்து கெட்டவர்கள் வந்து போகிற இடம். கடை முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கக் கண்ணும் மூக்கும் வரையாத வெள்ளைத் தலைகள், எல்லாம் வாசலையே பார்த்தபடி. அந்தக் கூட்டத்தில் கண்ணோடும் மீசையோடும் இருக்கிற ஒரே தலை கிராப்பினுடையதுதான். அதன்மேல் முடி எழும்பி, ஒரு சுழி சுழித்து, காதோரம் சாவகாசமாக இறங்கும். அத்தனையும் சொந்த முடி.

வருகிறவர்கள் எல்லா டோப்பாவையும் பார்ப்பார்கள். கடைசியில் விரல் கிராப்பின் தலைக்கு நேராக நீளும்.

“இது என்ன மாடல்?”

“இது கொஞ்சம் விசேஷமானதுங்க.”

“இதே மாதிரி ஒண்ணு எனக்கும் குடுத்துடுங்க.”

கிராப்பு பொய் சொல்ல மாட்டார். உண்மையும் சொல்ல மாட்டார். குனிந்து காட்டுவார், அவ்வளவுதான். “உன் தலைய நம்பித்தான்யா நான் கடையத் தொறக்கறேன்” என்பார் முதலாளி. அப்பேர்ப்பட்ட தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் என்ன மிஞ்சும்? மாடு நக்கின மாதிரி ஆகிவிடாதா? சைக்கிளில் போகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு என்பது கிராப்பின் கட்சி.

சம்சாரம் எதிர்க்கட்சி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். புருஷன் தலையை வெளியிலிருந்து பார்த்துப் பிழைக்கிறவர் என்றால், அவள் உள்ளேயிருந்து பார்த்துப் பிழைக்கிறவள்.

“நான் என்ன லாரியா ஓட்டறேன்? சைக்கிள்ம்மா. நடக்கறதவிடக் கொஞ்சம் வேகம்.”

“எவ்ளோ வேகத்துல வந்தேன்னு கேட்டுட்டா தரை அடிக்கும்? முந்தாநாள் ஒருத்தர எடுத்தேன். சைக்கிள நிறுத்தி எறங்கும்போது சாஞ்சுட்டாரு. மண்டை ஓட்டுல கோடு.”

“என்ன கோடு?”

“முடி மாதிரி மெல்லிசா. பாத்தா உங்களுக்குப் புடிக்கும்.”

“எனக்கு பேலன்ஸ் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து ஓட்டறேன்.”

“குறுக்க ஓடி வர்ற நாய்க்கு இருக்கா பேலன்ஸ்?”

“விழுந்தா கை ஊனிக்குவேன்.”

“ஊனுங்க. கை ஒடஞ்சா மாவுக்கட்டு போடலாம். தலைக்கு எங்க போடறது?”

இதுவரைக்கும் கிராப்பு சமாளித்தார். அதற்கப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது.

“எந்தத் தலை வந்தாலும் கை நடுங்காம எடுப்பேங்க. இந்தத் தலை அந்த மேசைல படுத்தா என்னால முடியாது. பயமா இருக்கு எனக்கு.”

இதற்குமேல் எந்தப் புருஷன் முறுக்கிக்கொள்ள முடியும்? சத்தியம் பண்ணினார். பண்ணிவிட்டுச் சைக்கிளை மிதிக்கும்போது யோசித்தார். தலையை விட்டு இறங்காது என்று சொன்னோமே தவிர, யார் தலையை விட்டு என்று சொன்னோமா? சொல்லவில்லையே.

கடைக்குப் போகிற வழியில், தெரு திரும்புகிற மூலையில் ஒரு வீடு. ஆள் இல்லாத வீடு. சன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். கேட்டு துருப்பிடித்து ஒரு பக்கமாகத் தொங்கும். காற்றே இல்லாத நேரத்தில்கூட அது மெதுவாக முனகும். அதை ஒட்டி ஒரு தூண். தூணின் உச்சியில் உருண்டையாக ஒரு கல், கச்சிதமாக ஆள் தலை அளவு. தூணுக்கும் தலை உண்டுதானே? கிராப்பு ஹெல்மெட்டைக் கழற்றி அந்தக் கல்லின்மேல் கவிழ்த்து, கழுத்து மாதிரி இருந்த இடத்தில் பட்டையையும் பூட்டினார்.

“தலையிலதான் இருக்கு” என்று தூணிடம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துச் சுழியைச் சரி பண்ணிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பும்போது தூணிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குள் நுழைவார். சம்சாரம் ஹெல்மெட்டை வாங்கி ஆணியில் மாட்டுவாள். முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அதைப் பார்க்கும்போது கிராப்புக்கு உள்ளே சின்னதாக ஒரு முள் குத்தும். கண்ணாடி முன்னால் நின்று முடியைத் தடவிக்கொண்டால் போய்விடும்.

கொஞ்ச நாள் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம். நாளெல்லாம் தூறல், வெயில் தலையே காட்டவில்லை. தெருவில் ஈ காக்கா இல்லை. கிராப்பு தூணிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். கல் ஜில்லென்று இருந்தது. ஹெல்மெட்டின் உட்பக்கம் வெதுவெதுவென்று இருந்தது.

கையை வெளியே எடுத்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார். அந்த நிமிஷம்தான் ஒரு தலை அதற்குள்ளிருந்து வெளியே வந்த மாதிரிச் சூடு. மாட்டிக்கொள்ளப் பார்த்தால் தாடைப் பட்டை எட்டவில்லை. யாரோ அவரைவிடச் சின்னத் தலைக்கு அதை இழுத்துச் சுருக்கியிருந்தார்கள். கேட்டு முனகியது. கிராப்பு பட்டையைப் பூட்டாமலேயே சைக்கிளை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பரீட்சை வைத்தார். ஹெல்மெட்டின் முகப்பு ரோட்டைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்தபோது அது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு.

மூலைக்கு எதிர்ச்சாரியில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற பஞ்சர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். டியூபில் ஓட்டை எங்கே என்று கண்ணால் தேட மாட்டார், மூக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காற்றைத்தான் தேடுவார். பார்வை அந்த லட்சணம். இதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில் கிராப்பு இல்லை.

“அண்ணே, அந்த மூலை வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?”

பஞ்சர் அண்ணன் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கியபடியே இருந்தார். 

“நீங்களும் பாத்துட்டீங்களா?”

“என்னத்த?”

“சொன்னா நம்ப மாட்டீங்க. இருட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒரு பொம்பள வந்தா. கேட்டுகிட்ட நின்னா. ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சா. கழட்டினா.”

“எதக் கழட்டினா?”

“தலைய. கழட்டித் தூண்மேல வெச்சா. நேரா இருக்கான்னு பாத்துட்டு, செல்லமா ஒரு தட்டு தட்டினா. நடந்து போயிட்டா.”

“தலையில்லாமலா?”

“அதுக்கப்புறம் நான் எங்க பாத்தேன்? கண்ண மூடிக்கிட்டேன்.”

“ஒரு தடவதானே பாத்தீங்க?”

“தினம் வர்றா. இப்பல்லாம் அந்த நேரத்துக்கு நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்.”

கிராப்பு தூண் பக்கம் பார்க்காமலே சைக்கிளைத் திருப்பினார். போயும் போயும் தலையில்லாத ஒருத்தியிடமா ஹெல்மெட்டைக் கொடுத்து வைத்தோம் என்று நொந்துகொண்டார். சம்சாரத்திடம் சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. தூண் கதையைச் சொன்னால் சத்தியத்தின் கதை நாறிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பொய்ச் சத்தியம் யார் தலையில் விடியும்? பண்ணினவன் தலையிலா, கை வைக்கப்பட்டவள் தலையிலா? இவர் வைத்தது அவள் தலையில். அங்கே தினமும் ஒரு பொம்பளையின் தலை கழன்று தூணுக்குப் போகிறது. காலையில் காபி குடிக்கும்போது சம்சாரத்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க என் கழுத்தையே பாக்கறீங்க?”

“நல்லாத்தானே இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன். ஏன்?”

“சும்மா இப்படியும் அப்படியும் திருப்பு.”

“தலைக்கு மேல வேலை கெடக்கு. போங்க அந்தண்ட.”

பேசாமல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய்த் தொலைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்குப் போனார். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். “என்னய்யா, உன் தலைமேல யாரு ஏறி உக்காந்துட்டுப் போனா?” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். கிராப்பு சட்டென்று உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வந்த ரெண்டு பேரும் அவர் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள். அதோடு மறுபடியும் தூண்தான்.

அடுத்த சாயங்காலம் ஹெல்மெட்டின் உள்ளே ஒரு முடி இருந்தது.

முடி என்று வந்துவிட்டால் கிராப்பு பேய்க்கும் பயப்பட மாட்டார். எடுத்துக் கைக்குட்டையில் மடித்து மறுநாள் கடைக்குக் கொண்டுபோனார். ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். வேர் எந்தப் பக்கம், நுனி எந்தப் பக்கம் என்று விரலே சொல்லிவிடும். வேர் இருந்தது. அப்படியானால் வெட்டின முடி இல்லை, தலையிலிருந்து தானாக உதிர்ந்த முடி. நீளம் இருக்கிறது, பொம்பளை முடி. அலமாரியில் இருந்த தலை ஒவ்வொன்றோடும் ஒத்துப் பார்த்தார். எதோடும் சேரவில்லை.

“மொதலாளி, இந்த முடிய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?”

முதலாளி அதை விளக்கடியில் பிடித்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“வேர்ப்பக்கம் நரைச்சிருக்கு. நுனி பொளந்திருக்கு. கவனிக்க ஆளில்லாத முடிய்யா இது. கட்டினவன்னு ஒருத்தன் இருந்தா, அவன் இந்தத் தலைய ஏறெடுத்தே பாத்ததில்ல.”

“பாவம்” என்றார் கிராப்பு மனசார. “அதான் ஆவியா அலையுது.”

“எது?”

“ஒண்ணுமில்ல மொதலாளி. நான் இத்தன வருஷத்துல இந்த முடியப் பாத்ததே இல்ல.”

அன்றைக்குச் சாயங்காலம்தான் அது நடந்தது. வானம் மந்தாரமாக இருந்தது. பஞ்சர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் தூண்மேல் இருந்தது. ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. வலது பக்கம் நசுங்கியிருந்தது.

கிராப்பு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். நெற்றி ஓரத்திலிருந்து காது வரைக்கும் தார் ரோட்டில் தேய்ந்த தேய்ப்பு. தேய்ப்புக்குள் மண்ணும் பொடிக் கல்லும். உள்ளே இருந்த வெள்ளை நுரைக்கட்டி குறுக்கே பிளந்து கிடந்தது. உள்ளே கை வைத்துப் பார்த்தார். இன்றைக்குச் சூடு இல்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. இத்தனை நாள் அந்தச் சூட்டைக் கண்டு நடுங்கியவர், இப்போது அதைத் தேடி உள்ளே துழாவினார்.

சத்தியம் பலித்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. யார் தலைமேல் வைத்தோமோ அந்தத் தலை போய்விட்டது. வீடு வந்து சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டார். பதில் இல்லை. கூடத்தில் விளக்குப் போடவில்லை. அந்த அரையிருட்டில், நாற்காலியில், சம்சாரம் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

கிராப்பு நேராகப் போய்த் தலையைத்தான் தொட்டார். அவள் ‘ஸ்’ என்று விலகினாள்.

“என்னம்மா?”

“தலைவலி. பெரிசா ஒண்ணுமில்ல.” கண்ணைத் திறந்தவள் அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். “என்னங்க இது?”

தலை இருக்கிறது, பேசுகிறது. கிராப்புக்கு உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கூடவே பொய்யும் வந்தது.

“விழுந்துட்டேன்.”

“எங்க?”

“மூலைல. நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சு.”

“ஹெல்மெட் தலைல இருந்துச்சா?”

“என்ன இப்படிக் கேக்கற? உன் தலைமேல சத்தியம் பண்ணிருக்கேனே.”

அவள் ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பினாள்.

“எந்தப் பக்கம் அடி?”

“இடது பக்கம்.”

“ஹெல்மெட் வலது பக்கமில்ல நசுங்கிருக்கு?”

“வலதுதான். விழுந்த கலக்கத்துல இடது வலது எங்க தெரியுது?”

“நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. படம் எடுத்துப் பாத்துரலாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் இல்லேன்னுதான் எல்லாரும் நடந்து வருவாங்க. உள்ளதான் இருக்கும்.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். விழாத தலை கிராப்புக்கு நிஜமாகவே விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது.

மறுநாள் காலை. எக்ஸ்ரே அறைக்குள் அவர் வந்ததே இல்லை. சன்னல் கிடையாது. எங்கேயோ ஒரு இயந்திரம் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. மேசை பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்தது. சம்சாரம் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் கனமான ஈய அங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். அந்த வெளிச்சத்தில் அவளை அடையாளமே தெரியவில்லை.

“அசையாதீங்க. மூச்ச நிறுத்துங்க.”

கதவு மூடியது. கிராப்பு மூச்சை நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியபடியே கிடந்தார். விடச் சொல்ல யாரும் வரவில்லை. தலைக்கு மேலே அந்த இயந்திரத்தின் ஒற்றைக் கண் அவரையே பார்த்தது. பொய் சொல்கிற தலையை அது படம் பிடித்துக் காட்டிவிடுமோ என்று ஒரு பயம் வந்தது. கண் இருளத் தொடங்குகிற நேரத்தில் கதவு திறந்தது.

“மூச்சு விடுங்க. எதுக்கு நீலம் பூத்துக் கெடக்கறீங்க?”

சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் ஒரு படத்தைச் செருகினாள். கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு மண்டை எழுந்து வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு குழி. கிராப்பு எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

“முடி எங்க?”

“இதுல முடி விழாதுங்க. எலும்பு மட்டுந்தான்.”

“எவ்ளோ முடி இருந்தாலுமா?”

“எவ்ளோ இருந்தாலும். கடைசில எல்லாருக்கும் இதுதான் இருக்கு. இது ஒடஞ்சா, மேல இருக்கிற கிராப்ப வெச்சு என்ன பண்றது?”

கிராப்பு படத்தை நோக்கிக் கழுத்தை நீட்டினார். “விரிசல் இருக்கா?”

“நீங்களே தேடுங்க.”

தேடினார். மெல்லிசான கோடு ஒன்றுகூட இல்லை. உடனே நிமிர்ந்துவிட்டார்.

“பாத்தியா? எப்பேர்ப்பட்ட தலை. நெத்தி எப்படி எறங்குது பாரு, ராஜகளை. குடும்பத் தலைவன் தலைன்னா சும்மாவா? இந்த மண்டைக்கு ஹெல்மெட்டே தேவையில்லம்மா.”

“நல்ல தலைதான்” என்றாள்.

“பல்லப் பாரு, முத்து முத்தா...” கிராப்பு பாதியில் நின்றார். நாக்கால் கன்னத்துக்குள் துழாவினார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். “என் கடைவாய்ப் பல்லத்தான் எப்பவோ புடுங்கியாச்சே. இதுல எப்படி இருக்கு?”

 இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வெளிச்சப் பெட்டிக்குள்ளிருந்து அந்தத் தலை முழுப் பல்லையும் காட்டிச் சிரித்தது.

“இது யாரு தலை?” கிராப்பின் குரல் அவருக்கே கேட்கவில்லை. “அந்தப் பொம்பளயோடதா?”

“எந்தப் பொம்பள?”

“தினம் சாயங்காலம் தலையக் கழட்டித் தூண்மேல வெக்கிறாளே, அவ.”

“எந்தத் தூண்மேல?”

வாய் தவறிவிட்டது. இனி அள்ள முடியாது. கிராப்பு எல்லாவற்றையும் கொட்டினார். ஓட்டையை, கல்லை, சீப்பை, சூட்டை, முடியை. அவள் கேட்டுக்கொண்டே அங்கியைக் கழற்றினாள்.

“அவளோடதுதாங்க இது.”

“நீ அவளப் பாத்திருக்கியா?”

“தினம் பாக்கறேன். கண்ணாடில.”

கிராப்பு அவளைப் பார்த்தார். அவள் தலையை, பிறகு அதிலிருந்த முடியைப் பார்த்தார். வகிட்டில் நரை ஓடியிருந்தது. நுனி பிளந்திருந்தது.

“மொத நாளே பஸ்லேர்ந்து பாத்துட்டேன். உங்க ஹெல்மெட் மட்டும் தூண்மேல இருக்கு. உங்களுக்கு என்னமோ ஆயிப் போச்சுன்னு எறங்கி ஓடி வந்தேங்க. அந்த வீட்டுப் புதரெல்லாம் தேடினேன். அப்புறந்தான் புரிஞ்சுது.”

“கேட்டிருக்கலாமே என்னை.”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சும்மா கல்லு மேல கெடக்குதேன்னு நான் மாட்டிக்க ஆரம்பிச்சேன். அந்த மூலைக்குப் பின்தெருவுல எங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீடு, அவங்க சைக்கிள் சும்மாதான் இருந்துச்சு. உங்களுக்கப்புறம் எடுத்துக்குவேன், உங்களுக்கு முன்னாடி கொண்டாந்து வெச்சுடுவேன்.”

“நேத்து சூடு இல்லையே.”

“அடிபட்ட ஹெல்மெட்ட மறுபடி போடக் கூடாதுங்க. அது ஒரு தடவ காப்பாத்தும், அதோட அதன் வேலை முடிஞ்சுது. கைல புடிச்சுக்கிட்டு நடந்தே வந்தேன்.” அவள் அங்கியைக் கொக்கியில் மாட்டினாள். “நேத்துக் காலைல ட்யூட்டிக்கு வர்றப்ப விழுந்தேன். நாய்தான். தலை தரைல மோதின சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஹெல்மெட் இல்லேன்னா நேத்தே எடுத்த இந்தப் படத்துல கோடு இருந்திருக்கும். இல்ல, படமே எடுத்திருக்க மாட்டாங்க.”

கிராப்புக்கு அழுகை வந்துவிட்டது. மெதுவாகக் கை நீட்டி அவள் தலையைத் தொட்டார். வலது பக்கம் லேசாக வீங்கியிருந்தது. தன்னைப் போலத் தலையை வெறுமனே விட்டுக்கொண்டு அவளும் போயிருந்தால் என்கிற நினைப்பை அவரால் முடிக்க முடியவில்லை.

“அப்போ நேத்து நான் விழுந்தேன்னு சொன்னப்ப...”

“ஒரே ஹெல்மெட், ஒரே அடி. ரெண்டு பேரு எப்படிங்க விழ முடியும்? உங்க தலைய நான் இன்னும் படமே எடுக்கல. விழாத தலைய எதுக்கு எடுக்கணும்?”

“பொய்ச் சத்தியம் பண்ணிட்டேம்மா. உன் தலைமேல கை வெச்சு.”

“பொய் எங்க? தலைய விட்டு இறங்காதுன்னீங்க. இறங்கலையே.”

“இன்னிக்கே ரெண்டு புது ஹெல்மெட் வாங்கறேன். இனிமே முடியாவது மண்ணாவது. உன் தலைமேல சத்...”

உயர்ந்த கையை அவள் நடுவழியில் பிடித்தாள். பிடித்து, அவர் பக்கமே திருப்பிவிட்டாள்.

“இந்தத் தடவ உங்க தலைமேல பண்ணுங்க.”

அவள் தலையில் அத்தனை சுலபமாக இறங்கின கை, சொந்தத் தலைக்கு வரும்போது சுழிக்கு மேலேயே நின்றுவிட்டது. சம்சாரம் வெளிச்சப் பெட்டியை அணைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தாள்.

“சீக்கிரம் பண்ணிட்டு மேசைய விட்டு எறங்குங்க. வெளிய நிஜமாவே விழுந்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க.”